கழகமிகை இயல்

மாணாக்க, கேள். சூதாடும் மனையைக் கழகம் என்றே இந்நூல் சுட்டும். வள்ளுவர் ஆண்ட சொல் அது. இன்று அது கல்விக்கும் கட்சிக்கும் போய்ச் சேர்ந்திருப்பதால், உரிய இடத்துக்கு மீட்டுத் தருவது எம் கடனாயிற்று.

ஆட்டத்தின் மெய்யான வாய்ப்புக்கு ஏற்ற ஈட்டிலும் கழகம் தரும் ஈடு குறைவு. அக்குறையே கழகமிகை. நூறு காசு வைத்தால் நாளடைவில் எத்தனை காசு திரும்பாது என்று விழுக்காட்டால் அளப்பர். அது விரிமிகை, தொகைமிகை என இருவகைப்படும். உருபு வெளிப்பட நிற்பது விரி, மறைந்து நிற்பது தொகை என்று முன்னரே கற்றாய். இங்கும் அதுவே.

விரிமிகைக்குத் தலையாய சான்று ரூலெட் எனும் சுழலாழி. 1 முதல் 36 வரை எண்கள். சரிபாதி சிவப்பு, சரிபாதி கருப்பு. பச்சையாய் ஒரு சுழி. ஆகக் குழிகள் 37. ஓரெண்ணில் ஒரு காசு வைத்து வென்றவன் 36 காசு ஈடு பெறவேண்டும்; பெறுவதோ 35. நிறுத்தப்பட்ட அந்த ஒரு காசின்மேல்தான் மாடமும் சரவிளக்கும் நிற்கின்றன. மிகை 2.70 விழுக்காடு.

இவ்வாழி சுழிவகையால் மூன்றாகும். மேற்சொன்னது ஒற்றைச்சுழி, 1863இல் மான்டி கார்லோக் கழகத்தை ஏற்று நடத்த வந்த பிரான்சுவா பிளாங்க் இதன் புரவலர். லாஸ் வேகாசில் பெருவழக்காய் உள்ளது இரட்டைச்சுழி: குழி 38 ஆனது, ஈடு 35ஆகவே நின்றது, மிகை 5.26 ஆயிற்று. சுழி விழுந்தால் சிவப்பு, கருப்பு முதலிய இணைவைப்புகளில் பாதியைத் திருப்பித் தரும் பிரெஞ்சு வழக்கு அரைச்சுழி. அவ்வைப்புகளில் மிகை 1.35. இரட்டைச்சுழி ஆழியில் இருசுழியும் 1, 2, 3உம் சேர்த்து வைக்கும் ஐயெண்வைப்பின் மிகை 7.89. அதை நான்காம் வகை என்பாரும் உளர். பொருந்தாது. அது வகையன்று, வழு.

இவ்விடத்துக் குண்டுநினைவு மயக்கத்தையும் அறிக. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோவில் கருப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனிச் சிவப்புதான் என்று ஆடுநர் காசைக் கொட்டினர். ஆழியில் உருளும் குண்டு தன் பழைய குழிகளை நினைவில் வைத்திருக்கும் என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பின் வாய்ப்பு 37இல் 18ஆகவே இருந்தது.

தொகைமிகை முந்துதொகை, கழிதொகை, அடைதொகை என மூன்று.

முந்துதொகை, பிளாக்ஜாக் எனும் இருபத்தொன்றில் வரும். ஆடுநன் முதலில் ஆடுவான். சீட்டின் கூட்டு 21ஐக் கடந்தால் அவன் காசு அப்போதே போம். பின்னர்க் கழகத்தான் கடந்தாலும் அது மீளாது. இருவரும் வீழ்ந்தவிடத்து முன் வீழ்ந்தவனே வீழ்ந்தவன் என்க.

கழிதொகை, மக்காவு நகரினர் பெரிதும் விரும்பும் பக்காராவில் வரும். வைப்பகக் கை வென்றால் ஈட்டில் 5 விழுக்காடு தரகு கழிப்பர். கழித்தும் அதன் மிகை 1.06, ஆடுநர் கையின் மிகை 1.24. இரு கையும் ஒக்கும் என்று வைப்பவனுக்கு எட்டு மடங்கு ஈடு உண்டு. மிகை பதினான்கைத் தாண்டும்.

அடைதொகை, காசுவிழுங்கிப் பொறியில் வரும். ஆழியின் குழிகளை எண்ணலாம்; பொறியில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை, வாய்ப்பு உள்ளே அடைபட்டிருக்கும். நெவாடாவில் 75 விழுக்காடாவது திரும்ப வேண்டும் என்பது நெறி; எனவே அங்கு மிகை 25 வரை வளரலாம். கைப்பிடி உள்ளது, இல்லது என்று பொறியைப் பகுப்பாரும் உளர். மிகையில் வேறுபாடின்மையின் அப்பகுப்பைக் களைந்தாம்.

இனிப் புறனடை. கிராப்ஸ் எனும் இருகவறாட்டத்தில் தொடக்கவைப்பின் மிகை 1.41. முதல் வீச்சில் 4 விழுந்து அதுவே குறியெண்ணானால், அதன் பின்னே மேலும் காசு வைக்கலாம். 7க்கு முன் மீண்டும் 4 விழுந்தால் அப்பின்வைப்புக்கு இருமடங்கு ஈடு. இரு கவறும் கூடி 7 ஆவது ஆறு வழி, 4 ஆவது மூன்று வழி. ஆகலின் ஈடும் வாய்ப்பும் நேர் ஒத்தன, மிகை ஒன்றுமில்லை. பலகை விரிப்பில் இதற்கு இடம் வரைந்து வைப்பதும் இல்லை. தொடக்கவைப்பு வைத்தவனுக்கே இது உரியது. விரியும் அன்று, தொகையும் அன்று ஆதலின் ஈண்டு வைத்தாம்.

கவறெடுக்க எழுந்த மாணாக்க, அமர்க. ஆடுநர் பெருமூச்சின் வகை இன்னும் சொல்லவில்லை.