சுவோனிலிருந்து, அரிசி குறித்து

‘ஸ்ஸல்’ என்பது அரிசியைக் குறிக்கும் தூய கொரியச் சொல், சீனத்திலிருந்து வந்ததன்று. வயலில் நிற்கும்வரை ‘பியோ’, உமி நீங்கினால் ‘ஸ்ஸல்’, வெந்துவிட்டால் ‘பாப்’. நெல், அரிசி, சோறு என்று பிரித்தே பேசும் குடும்பத்தில் பிறந்த மூத்த மகன் கொரியத்தில் சிரமமின்றித் தேறிய பாடம் இது ஒன்றே.

வடமொழி வழி தமிழுக்கு வந்த ‘சாலி’ என்ற நெற்பெயர்தான் கடல் கடந்து ‘ஸ்ஸல்’ ஆயிற்றா என்பது பெரியப்பாவின் கேள்வி. இத்தகைய உறவு தேடுவது புதிதன்று. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905இல் ஒரு நூலே எழுதினார். இன்றைய மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. சாலிக்கும் சொல்லின் பழைய வடிவம் இடம் தரவில்லை. 15ஆம் நூற்றாண்டில் ஹங்குல் எழுத்து தோன்றியபோது இது முன்னே ஒரு பகரத்தோடு ‘ப்ஸல்’ என்றே எழுதப்பட்டது. அதற்கும் முன், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சோங் சீனத்தின் சுன் மு கொரியச் சொற்களைச் சீன எழுத்தில் குறித்துவைத்தபோது, அரிசிக்குப் போதிசத்துவரைக் குறிக்கும் எழுத்துகளைப் போட்டார். ஒலி பொருந்தியதால்தான், பக்தியால் அன்று. அந்தப் பகரம் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாலிக் கட்சியினரே பதில் சொல்ல வேண்டும்.

தனிச்சொல்லில் உதிர்ந்த பகரம் கூட்டுச் சொற்களில் பதுங்கியிருக்கிறது. தினைக்கு ‘ஜோ’, தினையரிசிக்கு ‘ஜோப்ஸ்ஸல்’. புது அறுவடை அரிசி ‘ஹேப்ஸ்ஸல்’. ஒட்டும் அரிசி ‘சப்ஸ்ஸல்’. நொய் ‘ஸ்ஸராகி’ எனப்படும். நொய் போல் உதிரும் பனிக்கும் அதையொட்டியே பெயர். அரிசி களைந்த கழுநீர் ‘ஸ்ஸல்த்துமுல்’. அது இங்கே மாட்டுத் தொட்டிக்குப் போவதில்லை, குழம்புக்குப் போகிறது.

முதலெழுத்தின் அழுத்தம் தளர்ந்தால் சொல் ‘ஸல்’ ஆகிவிடும். அதன் பொருள் சதை. தென்கிழக்கே கியொங்சாங் வட்டாரத்தாரும் பரம்பரையாக இரண்டையும் ஒன்றாகவே உச்சரிப்பவர்கள். மூத்த மகன் அரிசி கேட்டபோது கடைக்காரம்மா அவரைக் கியொங்சாங்காரர் என்று எண்ணவில்லை. இறைச்சி இருக்கும் பக்கம் கைகாட்டினார்.

கொரிய மின்குக்கர் பேசும். ஆனால் ‘ஸ்ஸல்’ என்று சொல்லாது; வெள்ளரிசிக்குச் சீனவழிச் சொல்லான ‘பேங்மி’யையே வழங்கும். சமையல் தொடங்குவதை அறிவிக்கும். ஆவி விடுமுன் எச்சரிக்கும். மூடி சரியாகப் பூட்டாவிட்டால் கண்டிக்கும். வெந்ததும் நன்றாகக் கிளறிவிடச் சொல்லும். கிளறினோமா என்று கேட்பதில்லை. அந்த ஒரு விஷயத்தில்தான் அம்மாவிடமிருந்து வேறுபடுகிறது. அதில் புழுங்கலரிசிக்குப் பொத்தான் கிடையாது. வெளிநாட்டுச் சரக்குக் கடையில் தேடிப்பிடித்த பொன்னியையும் ‘பேங்மி’ என்றே அறிவித்து, குழைத்து, கிளறச் சொல்கிறது. பொங்கலுக்கு ஊர் வரும்போது இதுகுறித்து அம்மாவிடம் முறையீடு செய்யப்படும்.