கேம்பர் கதவுப் பூட்டு: சி.எச். 751ஐ முன்வைத்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

பூட்டு என்பது யாதோ எனின், திறக்கப்படுவதற்காகப் பூட்டப்படுவது என்க. இவ்வரையறையில் குற்றம் காண்போர் உளர். அவர்களுக்கு இரண்டாம் அதிகாரத்தில் விடை கூறப்படும். இரண்டாம் அதிகாரம் இன்னும் எழுதப்படவில்லை.

ஆய்வுக் களம் அமெரிக்கா. காருக்குப் பின்னால் ஒரு வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு மலையும் பாலைவனமும் பார்க்கக் கிளம்பிவிடுகிறவர்கள் அங்கே ஏராளம். அந்த வீட்டுக்குக் கேம்பர் என்று பெயர். இவற்றில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்து எல்க்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. கட்டில், அடுப்பு, கழிப்பறை, குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் அந்தச் சிறிய இடத்துக்குள் திணித்து முடித்தவர்கள், பூட்டுக்கு வரும்போது களைத்துப்போயிருக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் கருதுகோள். (கருதுகோள் இல்லாத ஆய்வேட்டில் நெறியாளர் கையெழுத்திட மாட்டார். இருந்தால் படிக்காமலே இடுவார்.)

கேம்பர்ப் பூட்டு மூவகைப்படும்: தொங்குபூட்டு, பெட்டியறைப் பூட்டு, வாசற்பூட்டு. இவற்றுள் தொங்குபூட்டு தொங்கும்.

பெட்டியறைப் பூட்டாவது, வண்டியின் வெளிச்சுவரில் தண்ணீர்க் குழாய், மடக்கு நாற்காலி முதலியன வைக்கும் அறைக்கு இடப்படுவது. சாவியைக் கால்வட்டம் திருப்பினால் உள்ளிருக்கும் உலோக நாக்கு சட்டத்தை விட்டு விலகும். இதைக் கேம் லாக் என்பர். இதன் சாவித் தலையில் ஒரு சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது: சி.எச். 751 (காண்க: சாவி, முன்பக்கம், வரி 1, வேறு வரி இல்லை). இச்சாசனம் கிடைக்கும் நிலப்பரப்பு ஆய்வாளரைத் திகைக்க வைப்பது. பக்கத்து வண்டிச் சாவியிலும் இதே வாசகம். அதற்கடுத்த வண்டியிலும் இதே. எழுத்து மட்டுமன்று, பல்வெட்டும் ஒன்றே. அதாவது, பல கம்பெனிகள் பல ஆண்டுகளாக விற்ற எண்ணற்ற வண்டிகளின் பெட்டியறைகளை ஒரே சாவி திறக்கும். கையில் இல்லாதவர் சில டாலருக்குக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

இச்சாசனத்தின் காலம் பற்றி ஒரு சொல். 751 என்பதை ஆண்டாகக் கொண்டால் இது எட்டாம் நூற்றாண்டினது. கி.மு. என்று கொண்டால் இன்னும் தொன்மையானது. எதையும் கொள்ளலாம். நம் அறிஞர்களில் சிலர் இரண்டாவதையே கொள்வர். மேடையில் கைதட்டு அதற்குத்தான் அதிகம்.

இனி இதன் தத்துவம். ஏகசாவிவாதிகள் கூறுவது: பூட்டு பலவாகத் தோன்றினும் சாவி ஒன்றே. என் நாற்காலி, உன் நாற்காலி என்னும் வேற்றுமை அறியாமையால் விளைவது; சாவியைத் திருப்பிய கணத்தில் அது நீங்கும் (பக்கத்து வண்டிக்காரர், வாய்மொழி, அந்தி வேளை, நாற்காலியில் அமர்ந்தபடி; நாற்காலி யாருடையது என்பது ஆய்வுக்குரியது). பலசாவிவாதிகள் இதை மறுப்பர்: எல்லாம் ஒன்றென்றால் பூட்டுவானேன்? (மேற்படியாரின் மனைவி, சமையலறைச் சன்னல் வழி வெளியீடு, முதற்பதிப்பு, அதே மாலையில் உரத்த குரலில் திருத்திய இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு எதிர் வண்டி நாயின் விரிவான குரைப்புரையுடன், பின்னிணைப்பாக ஒரு தட்டு விழுந்த ஓசை.) இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளி உண்டு. பெட்டியறைப் பூட்டு திருடனைத் தடுக்க வந்ததே அன்று, வண்டி ஓடும்போது கதவு திறந்துகொள்ளாமல் இருக்க வந்தது என்று அது சொல்லும். இது உண்மைக்கு மிக அருகில் இருப்பதால் ஆய்வுலகம் பொருட்படுத்தவில்லை.

மாற்றுப் பூட்டு எதை வாங்கலாம் என்று அறிஞரிடம் கேட்டால், விடைக்கு முன் வரலாறு வரும். லண்டன் பிக்காடிலியில் ஜோசப் பிராமாவின் கடைச் சன்னலில் ஒரு பூட்டு இருந்தது. அதைக் கள்ளத்தனமாகத் திறந்து காட்டுபவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்திருந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அது அசையவில்லை. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்தார். 51 மணி நேரம் ஆனது, 16 நாள்களில் பரவி. இதிலிருந்து ஒரு முடிவு எட்டத்தக்கது. அமெரிக்க அரசின் பொது நிலங்கள் பலவற்றில் 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் முகாமிட அனுமதியில்லை. ஆகவே பிராமா பூட்டுப் போட்ட கேம்பரில் ஹாப்ஸ் கைவைத்தால், வேலை முடியுமுன் வண்டி கிளம்பிவிடும். பாதுகாப்பில் சட்டத்துக்குள்ள பங்கு பற்றி இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

ஆனால் பிராமா பூட்டு கேம்பர்க் கடையில் எளிதில் கிடைக்காது. நடைமுறையாளர் பரிந்துரைப்பது குழல் சாவிப் பூட்டு. சாவி முனை வட்டக் குழாயாக இருக்கும். தகடு அடுக்கிய பழைய பூட்டைவிட இது மேல்தான். 2004இல் இதே இனத்தைச் சேர்ந்த, பேர்போன ஒரு சைக்கிள் பூட்டைப் பால்பாயிண்ட் பேனாவின் குழலால் திறந்துவிட்டார்கள் என்பதும் பதிவாகியுள்ளது. குழலின் விட்டம் பொருந்தியிருந்தது, அவ்வளவே. எழுதுகோல் ஆயுதத்தைவிட வலியது என்று முழங்கும் எழுத்தாளர் கூட்டம் ஏனோ இந்த ஒரே நிரூபணத்தைக் கண்டுகொள்ளவில்லை.

வாசற்பூட்டில் இக்கால மோகம் எண் பொத்தான் பூட்டு. மின்கலத்தில் ஓடும். நான்கு இலக்கம் என்றால் பத்தாயிரம் சேர்க்கை. அந்தப் பத்தாயிரத்திலிருந்து 1234ஐத் தேர்ந்தெடுக்கும் முழு உரிமை வாங்குபவருக்கு உண்டு. மின்கலம் தீர்ந்தால் திறக்க ஒரு சாவியும் தருவார்கள். அதை வீட்டுக்குள் வைத்தால் பயனில்லை ஆதலால், மதிநுட்பம் உடையோர் வெளியே பெட்டியறையில் வைப்பர். பெட்டியறையின் பூட்டு எது என்பதை முற்பகுதியில் காண்க.

எந்த ஆய்வேட்டிலும் இல்லாதது ஒன்றுண்டு: அளவு. கேம் லாக்கின் உருளை நீளம் 5/8, 7/8, 1⅛, 1⅜ அங்குலம் என்று பலவாறு வரும். பழையதைக் கழற்றி, கதவைத் துளைத்துப் போகும் பகுதியை அளக்க வேண்டும். நாக்கு நேரா வளைந்ததா என்றும் பார்க்க வேண்டும். வாசற்பூட்டுக்குக் கதவில் வெட்டிய திறப்பு பெரும்பாலும் 2¾ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். கீல் இடமா வலமா என்பதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். பெட்டியறைகள் அனைத்துக்கும் ஒரே சாவி வேண்டும் என்று கேட்டால் அப்படியே தருவார்கள். தம் வண்டிக்குள் ஏகசாவிவாதியாக வாழலாம். இதில் தத்துவம் குறைவாக இருப்பதால் பல்கலைக்கழகங்கள் விட்டுவிட்டன.

நிறைவாக ஆய்வு எல்லை. கேம்பர்க் கதவு பெரும்பாலும் மெல்லிய இரு தகடுகளுக்கு நடுவே நுரை வைத்து ஒட்டியது. நெம்புகோல் உடையவன் பூட்டைத் தொட வேண்டியதே இல்லை. இதைச் சிலர் சுட்டிக்காட்டியுள்ளனர். எம் துறை பூட்டியல். கதவு வேறு துறையைச் சேர்ந்தது. அத்துறைக்கும் எமக்கும் பேச்சுவார்த்தை இல்லை.