டீசல் பம்பு மீமாம்சை

உழவு பாதியில் இருக்கும்போதே பழைய டிராக்டரொன்று இரண்டு முறை இருமிச் சேற்றின் நடுவே மௌன விரதம் பூண்டுவிட்டால், வரப்பில் வந்து கூடும் ஜனங்களுள் எவரேனும் ஒருவர், வண்டியைத் தொட்டும் பாராமல், "பம்பு போச்சு" என்று தீர்ப்பளித்துவிடுவது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு நிலவிவரும் வழக்கமாகும். அத்தீர்ப்பு எந்தப் பிரமாணத்தைக் கொண்டு வழங்கப்படுகிறது என்பதைத் தர்க்க சாஸ்திர முறையிலே விசாரிப்பதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

முதற்கண், குற்றம் சாட்டப்பட்டவரின் பூர்வோத்தரம். ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் தமது எந்திரத்தை ஓட்டிக் காட்டியபோது, எரிபொருளை உள்ளே ஊதிச் செலுத்துவதற்கென்றே ஒரு காற்றழுத்தியைக் கூடவே கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பூதத்தைச் சுமந்துகொண்டு சேற்றில் இறங்க எந்த டிராக்டராலும் இயலாது. அவர் 1913இல் கப்பற் பிரயாணத்தினிடையே காணாமற் போய், மேலும் 14 வருஷங்கள் கழிந்து, 1927இல் பாஷ் கம்பெனி அடக்கமான பம்பைத் தொகுதி தொகுதியாகச் செய்யத் தொடங்கியது. 1951இல் தோன்றிய பெங்களூர் மைக்கோ கம்பெனியின் மூலமாக அது இந்நாட்டு வயல்களிலும் பிரவேசித்தது. அந்தக் கம்பெனி 2008இல் பாஷ் என்று நாமகரணம் மாற்றிக்கொண்ட பின்னும், நம் மெக்கானிக்குகளின் வாயில் அந்தப் பம்பு மைக்கோ பம்பாகவே ஜீவித்திருக்கிறது. (ரோட்டரி பம்பு என்று வேறொரு சாகையும் உண்டு, அதற்கு ஆசாரியர்கள் வேறு.)

மைக்கோ பம்பின் அனுஷ்டானமோ கடுமையானது. மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 1500 சுற்றுச் சுற்றினால், பம்பில் சிலிண்டருக்கொன்றாக உள்ள ஒவ்வொரு எலிமெண்டும் 750 முறை டீசலைத் தள்ள வேண்டும். மணிக்கு 4 லிட்டர் குடிக்கும் வண்டியாயின், ஒரு தடவைக்குச் சேர வேண்டியது சுமார் 30 கன மில்லிமீட்டர், அதாவது ஒரு சொட்டுக்கும் குறைவு. எலிமெண்டின் உள்ளே ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் அதன் பேரலுக்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். ஆகையால் ஜோடியாகச் செய்த பிளஞ்சரை அடுத்த பேரலில் மாற்றிப் போடுவது இந்த சாஸ்திரத்தில் மகாபாதகம். இத்தகைய நுண்மைக்கு எமன் தூசியும் தண்ணீருமே.

இனிப் பிரமாணங்கள். வரப்பில் நின்றவர் கூறியதை ஆப்த வாக்கியமாகக் கொள்ளலாமோவெனில், அவருடைய மைத்துனர் பஜாரில் பம்பு கடை வைத்திருப்பது தெரியவருமிடத்து, ஆப்தத்துவம் சற்றே தளர்ந்துவிடுகிறது. அனுமானத்தைக் கொள்ளுவோமெனில், அங்கேதான் விபரீதம் விளைகிறது. மலையிலே புகையைக் கண்டு நெருப்பை ஊகித்தல் தார்க்கிகர் காலங்காலமாய் எடுத்தாண்ட திருஷ்டாந்தம். ஆனால் டிராக்டரின் சைலன்ஸரிலே, ஸ்டார்ட்டர் சுழலச் சுழல வண்டி பற்றாமல் குபுகுபுவென்று வெண்புகை மட்டும் எழுமாயின், அது பெரும்பாலும் எரியாத டீசலே. அதாவது புகை இருக்கிறது, நெருப்பு இல்லை. அதுமட்டுமோ? டீசல் சிலிண்டர் வரை வந்து சேர்ந்ததற்கு அப்புகையே சாட்சி. ஆகவே பம்பு தள்ளவில்லை என்ற வழக்கு அந்த க்ஷணமே தள்ளுபடியாகிறது. டைமிங்கையும் கம்ப்ரஷனையும் விசாரிக்க வேண்டுமேயன்றிப் பம்பின் மீது பழி போடலாகாது. கரும்புகையோ, பலமுறை, வைக்கோல் தூசியால் அடைபட்ட ஏர் கிளீனரின் கைங்கரியம். புகையே இல்லாமற் போனால், டீசல் வரவில்லை என்று கொண்டு, டாங்கியிலிருந்து தேடிவர வேண்டும்.

எஞ்சியது பிரத்தியட்சம். ஃபில்டரின் தலையிலுள்ள திருகைச் சற்றே தளர்த்திக் கைப்பம்பை அமுக்கிப் பாருங்கள்: முதலில் சோப்பு நுரைபோலக் குமிழி கொப்பளிக்கும், அமுக்க அமுக்க நுரை அடங்கி, குமிழியற்ற டீசல் வழியும், அப்போது திருகை முடுக்கிவிட்டுப் பம்பிலுள்ள திருகுக்குப் போக வேண்டும். 'ஏர் எடுத்தல்' என்னும் இச்சடங்கு முடிந்ததும், போனதாகச் சொல்லப்பட்ட பம்புகளில் பல எழுந்து நடமாடத் தொடங்கும் என்பது அடியேனின் துணிபு. ஆயில் கேஜ் குச்சியை உருவி முகர்ந்து பார்ப்பதும் பிரத்தியட்சமே. ஆயில் மட்டம் தானாக உயர்ந்து டீசல் வாடை அடித்தால், எங்கோ சீல் அல்லது டயாஃப்ரம் கிழிந்ததென்று துணியலாம்.

இவ்வளவுக்குப் பின்னும் குற்றம் பம்பின் மேலேயே நிலைக்குமாயின், கழற்றுமுன் ஃபிளாஞ்சிலும் எஞ்சின் முகப்பிலும் சேர்த்து உளியால் ஒரு கோடு கிழித்துவிடுவது உத்தமம். மாட்டும்போது அந்தக் கோடு சேராவிடில், எஞ்சின் தட்டும், சூடேறும், ஸ்டார்ட் ஆகவும் முரண்டு பிடிக்கும். கழற்றியதை வயற்காட்டில் சாக்கு விரித்துப் பிரிப்பது கொலைக்கு ஒப்பாகும். டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, மூன்று எலிமெண்டும் சமமாக டீசல் கொடுக்கின்றனவா என்று அளந்து, அளவுத் திருகுக்கு ஈய சீல் வைத்த பின்னரே அது வீடு திரும்ப வேண்டும். அந்த சீலை, "கொஞ்சம் இழுவை கூடட்டும்" என்று உடைத்துத் திருகுகிறவருக்கு இழுவை சிறிதாகவும், கரும்புகையும் டீசல் செலவும் மிகுதியாகவும் கிட்டும். அவருக்குப் பிராயச்சித்தம் மறுபடி பெஞ்சுக்கு எடுத்துப் போவது ஒன்றுதான், கூலியும் மறுபடி கொடுத்தே தீர வேண்டும்.