படையல் சாம்பாரில் உப்பின் நிலை: மரக்காணம் கடற்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

பொங்கல், தீபாவளிச் சமையலைப் பற்றிக் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. அதிரசத்துக்குப் பாகுப் பதம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் பண்டிகைச் சாப்பாட்டின் ஆதாரச் சிக்கலை யாரும் தொடவில்லை. படைக்கிற பண்டத்தை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. முதலில் சாமி, பிறகு காக்கை, அதற்கப்புறம்தான் மனிதர். ஆக, வருஷத்திலேயே அதிகம் பேர் கூடி உட்காரும் நாளில்தான் சாம்பார் உப்புப் பார்க்கப்படாமல் இலைக்கு வருகிறது. மற்ற நாளெல்லாம் மூன்று பேருக்காக மூன்று முறை கரண்டியைக் கையில் தட்டிப் பார்த்த குடும்பம் இது.

ஆய்வுக்களம் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் இருபுறமும் வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரம் பார்த்திருப்பார்கள். இப்படிப்பட்ட ஊரிலும் "உப்பு பத்தலை" என்ற குரல் எழுமானால், கோளாறு சரக்கில் இல்லை, கையில்தான் என்று ஐயம் திரிபற நிறுவிவிடலாம்.

முதலில் இலக்கியச் சான்று. இல்லாவிட்டால் தமிழில் எதையும் ஆய்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வள்ளல் நல்லியக்கோடனைத் தேடிப் போகும் பாணர்களுக்கு அங்கே நுளைமகள் கள்ளும் சுட்ட குழல்மீன் கருவாடும் தருவாள் என்கிறார் நல்லூர் நத்தத்தனார். 269 அடியில் ஒரு பாணன்கூட உப்பு கம்மி என்று முனகவில்லை. கருவாட்டில் உப்பு போதுமான அளவு இருந்திருக்கலாம். அல்லது பரிசில் வாங்கப் போகிறவன் வழியில் வாய் திறக்க மாட்டான் என்றும் கொள்ளலாம். இரண்டாவதே பொருத்தம். பரிசில் எதிர்பார்க்காத சித்தப்பாக்களின் போக்கை நேரில் கண்டிருக்கிறோம்.

இனி செய்முறை. உப்புப் பார்க்காமல் உப்புப் போடுவதில் வல்லவர் எங்கள் ஆயா. அடுப்புக்குப் பக்கத்தில் பீங்கான் ஜாடியில் கல் உப்பு. கொதி வந்ததும் ஆயா கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். குழம்புக்கு மேலே கையைக் கொண்டுபோய், ஒரு கணம் யோசித்து, நாலைந்து கல்லை மட்டும் திரும்ப ஜாடியில் உதிர்த்துவிட்டு மிச்சத்தைப் போடுவார். இந்த ஆய்வின் முழுப் புதிரும் அந்த நாலைந்து கல்லில் இருக்கிறது. எந்தக் கணக்கில் அவை திரும்பிப் போகின்றன? கேட்டால் "வாசனை தெரியுதுல்ல" என்பார். உப்புக்கு வாசனை கிடையாது என்று பாடப்புத்தகம் சொல்லும். பாடப்புத்தகம் பொங்கலுக்குச் சமைத்ததில்லை.

உப்பளத்தில் இந்த மாதிரி மர்மம் ஒன்றும் இல்லை. உப்புநீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவிட்டு, கண்ணாடிக் குழல் ஒன்றை மிதக்கவிட்டு நீரின் அடர்த்தியை டிகிரியில் பார்க்கலாம். கடல்நீர் சுமார் 3 டிகிரி. ஏறி ஏறி 25 டிகிரிக்கு வந்தால் உப்பு படியும். 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் கூடச் சேர்ந்து கசப்புத் தட்டும். அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். அதே குழலைச் சாம்பாரில் மிதக்கவிட்டால் வாயில் வைக்காமலே உப்புத் தெரிந்துவிடுமே என்ற யோசனை இந்த ஆய்வின் தொடக்கத்தில் இருந்தது. பருப்பும் புளியும் சேர்ந்து குழலைத் தூக்கிக் காட்டும், முருங்கைக்காய் குறுக்கே நிற்கும் என்பதால் கைவிடப்பட்டது. தவிர, சாம்பாரில் உப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்குதான். கடலில் மூன்றரைப் பங்கு. அந்த ஒரு பங்கில் கால் பங்கு கூடிக் குறைவதில்தான் ஒரு மருமகளின் பத்து வருஷப் பெயர் தொங்குகிறது.

பருவமும் கணக்கில் வரும். இந்தக் கரையில் உப்பு விளைச்சல் தை, மாசி வாக்கில் தொடங்கிப் புரட்டாசிவரை. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்தியெல்லாம் தண்ணீர். அம்பாரத்தை ஓலை போட்டு மூடிவிட்டு வேலையில்லாமல் உட்கார வேண்டிய அந்த மாதங்களில்தான் தீபாவளி வருகிறது. துணிக்கும் அதிரசத்துக்கும் கறிக்கும் கைக்காசு வேண்டிய நேரத்தில் கூலி இல்லை. அரசு சில ஆண்டுகளாக உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக ரூ.5,000 கொடுக்கிறது. கடலை மாவு விலை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அதே மழை ஜாடிக்குள்ளும் வேலை செய்கிறது. கல் உப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசியில் அள்ளும் பிடியில் பாதி உப்பு, பாதி மழை என்பது சற்று மிகையானாலும், சித்திரைப் பிடியும் ஐப்பசிப் பிடியும் ஒன்றல்ல. தீபாவளிக் குழம்பு சப்பென்றும் சித்திரை வருஷப்பிறப்புச் சாம்பார் கரிப்பாகவும் இருப்பதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

இதைவிடப் பெரிய காரணம் பாக்கெட். அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாகச் சாப்பிட விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2006இல் தடை கொண்டுவந்தது. சென்னையிலிருந்து பண்டிகைக்கு வந்திறங்கும் மருமகளின் கைப்பழக்கம் அந்த அயோடின் பாக்கெட்டின் தூள் உப்பில் பிறந்தது. கல் உப்பில் கல்லுக்குக் கல் காற்று நிற்கும். தூளில் அந்த இடமும் உப்பு. அதே கரண்டி, எடை வேறு. மாமியார் சொன்ன "ஒரு கை" மருமகள் கைக்கு வரும்போது கரிக்கிறது. மருமகளின் "ரெண்டு ஸ்பூன்" ஆயாவின் ஜாடியில் பத்தாமல் போகிறது. தலைமுறைச் சண்டை என்று நாம் நினைத்தவற்றில் கணிசமானவை எடைச் சண்டை.

பரிகாரத்தை முன்னோர் யோசித்தே வைத்திருக்கிறார்கள். இலையில் முதலில் விழுவது உப்பு, இடது ஓரத்தில். ஆனால் அதைத் தொட்டவர் கதி? பெரியப்பாவின் விரல் அந்தப் பக்கம் நகர்ந்ததுமே அடுப்படி வாசலில் தலை எட்டிப் பார்க்கும்.

"உப்பு பத்தலைங்களா?"

"அட, அதெல்லாம் இல்லம்மா. சும்மா."

அந்த "சும்மா" அடுத்த ஆடிவரைக்கும் பேசப்படும். உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே கையே படவில்லை.

ஒப்பீட்டுக்கு ஆடிக்கூழ். அம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாக ஊற்றுகிறார்கள். உப்பு கம்மி என்று சொன்னவரைக் கண்டதில்லை. தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு இருக்கிறது. தவிர, வரிசையில் பாத்திரத்தோடு நிற்பவருக்கு விமர்சனம் வராது.

எல்லாத் தரவுகளையும் எடைபோட்டு இந்த ஆய்வு தரும் தீர்ப்பு: படையல் சாம்பாரில் உப்புக் குறை சொன்னவர் அடுத்த பண்டிகைக்கு விடியற்காலை நாலு மணிக்கே அடுப்படியில் ஆஜராக வேண்டும். வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்ற விதி அவருக்கும் உண்டு.