பக்கத்தில் வந்தும் பயனில்லை

கேள்வி: பூமி சூரியனுக்கு மிக அருகில் போவது ஜனவரியிலாமே? அப்படியானால் மார்கழியில் ஏன் குளிருகிறது?
– வாசகி, கரூர்

பதில்: உண்மைதான். ஜனவரி முதல் வாரத்தில் தூரம் சுமார் 14.7 கோடி கி.மீ.; ஜூலையில் 15.2 கோடி. ஜனவரியில் பூமிக்கு வந்து சேரும் வெயிலும் ஏறக்குறைய 7 சதவீதம் அதிகம். ஆனால் பூமி 23.4 டிகிரி சாய்ந்தல்லவா சுற்றுகிறது! அப்போது வடபாதி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கதிர் சாய்வாக விழுகிறது, பகலும் குட்டை. போனஸ் முழுக்க ஆஸ்திரேலியாக்காரருக்கு. சித்திரையிலோ சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கிறார்.

சம்பளத்தைப் போலவே வெயிலிலும் பிடித்தம் உண்டு. வளிமண்டலத்தின் உச்சியில், சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டருக்கு 1,361 வாட். பூமி உருண்டை, பாதி எப்போதும் இருட்டு என்பதால் சராசரி அதில் கால்பங்கு, 340தான். அதிலும் 30 சதவீதத்தை மேகமும் பனியும் காற்றும் தரையுமாக விண்வெளிக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. இன்னொரு கால்வாசியை வளிமண்டலம் வழியிலேயே விழுங்கிவிடுகிறது. தரையும் கடலும் வாங்கிக்கொள்வது பாதிக்கும் கொஞ்சம் குறைவு. மே மாதத்தில் கரூர்க்காரர்களிடம் மட்டும் இந்தக் கணக்கைச் சொல்லிவிடாதீர்கள்!