உனக்குங்கிறதாலதான் தர்றேன்

இப்படிச் சொல்லித்தான் நண்பன் தன் 2009 மாடல் சின்ன காரின் சாவியைக் கொடுத்தான். முன்பின் தெரியாதவரிடம் வாங்கியிருந்தால் மெக்கானிக்கைக் கூட்டிப்போய் பானட்டைத் திறந்து பார்த்திருப்பேன். நண்பனாச்சே! டீ குடித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

ஆர்சி பெயர் மாற்ற 29, 30 என்று இரண்டு படிவங்கள். வாங்கியவருக்குச் சட்டம் 30 நாள் அவகாசம் தருகிறது. கிளட்ச் அத்தனை நாள் தரவில்லை. 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் எஃப்சி, அதற்காக டிங்கரிங், பெயின்ட், நாலு டயர். கரும்புகை கக்கும் அந்த வண்டிக்குக் கட்டிய வரிக்குப் பெயர் பசுமை வரி. (பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.)

பக்கக் கண்ணாடிக்குப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வண்டியைப் பார்த்ததும், "வாங்க சார், இது நம்ம வண்டியாச்சே! அந்த சார் வரலியா?" என்றார், சொந்தக்காரரை விசாரிப்பதுபோல.

போன வாரம் கல்யாணத்துக்கென்று நண்பனே வண்டியை இரவல் வாங்கிப்போனான். திருப்பித் தரும்போது முகம் சுளித்தான்.

"என்னடா இப்படி வச்சிருக்கே? என்கிட்ட இருந்தப்போ ஒரு சத்தம் வந்திருக்குமா?"

பெட்ரோலும் போடவில்லை.