மைக்கு பொய் சொல்லாது கண்ணு

ஏங்கண்ணு, வாளையார்ல குந்திக்கிட்டு வீட்டுக்குள்ளயே பாட்டுப் பதிஞ்சு யூட்யூப்ல ஏத்தப் போறியாமா? ரொம்ப சந்தோசம். இக்கட்டால சேலம்-கொச்சி ரோட்டு லாரி, அக்கட்டால கோயமுத்தூர் போற ரயிலு, மேல கணவாய்க் காத்து. ஆனை தண்டவாளத்துப் பக்கம் வந்துச்சுன்னா ரயில்காரன் ஹாரனை அமுத்துன அமுத்துல ஊரே எந்திரிக்கும். இத்தனை பக்கவாத்தியமும் காசில்லாம யாருக்குடா கெடைக்கும்? குடுத்து வெச்சவன் நீ.

நோம்பிக்கு மைக் செட்டுக் கட்டியே தலை நரைச்ச கெழவன் நான். உன்ற கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே. கூம்பு ஸ்பீக்கர்ல இரைஞ்சதுதான் உன்ற ஹெட்ஃபோன்லயும் இரையுது. நீயும் கம்ப்யூட்டர் சரியில்ல, சாஃப்ட்வேர் சரியில்லன்னு வண்டி வண்டியாக் குத்தம் சொல்றே. பாவம், அதுக்கு வாயில்ல.

மொதல் சங்கதி. புது யூஎஸ்பி மைக்கு வாங்கி, அதுக்கு மால போடாத கொறையாத் தொடைச்சு வெச்சிருக்கே. பாடறது அதுகிட்ட, பதியறதோ லேப்டாப்புக்குள்ள இருக்கற மைக்கு! மைக்கு மேல நகத்தால சித்த சொரண்டிப் பாரு. நீ பதியற ஆடாசிட்டி சாஃப்ட்வேர்ல மீட்டர் குதிச்சா சரி. லேப்டாப் ஓரத்தைச் சொரண்டும்போது குதிச்சுதுன்னா, உன்ற மைக்கு வெறும் அலங்காரம். ரெக்கார்டிங் டிவைஸ்ல பேரைப் பாத்து மாத்து. ரெண்டுக்குமே குதிக்கலையா? விண்டோஸ் செட்டிங்ஸ்ல மைக்ரோஃபோனுக்கு அனுமதி குடுத்திருக்கியான்னு பாரு. கடைக்காரனைத் திட்டறதை அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்.

அடுத்தது அந்த "ம்ம்ம்" இரைச்சல். தம்பூரா வெச்ச மாதிரி நல்லாத்தான் இருக்கு, ஆனா சுருதி சேரலையே! நம்மூட்டுக் கரண்டு 230 வோல்ட்டு, நொடிக்கு 50 சுத்து. அந்த அம்பதும் அதோட ரெட்டிப்பு நூறும்தான் ஒயர் வழியாப் பூந்து பாடுது. சார்ஜரைப் புடுங்கிட்டு பேட்டரில ஓட்டிப் பாரு. இரைச்சல் நின்னா கோளாறு சார்ஜர்லயோ எர்த்துலயோதான். எவனாச்சும் மூணு முள்ளு பிளக்குல எர்த்து முள்ளை ஒடைச்சு விடச் சொன்னா கேட்டுறாதே. இரைச்சலும் போகும், நீயும் போயிருவே.

சத்தமாப் பாடினாத்தான் சங்கீதம்னு எவன்டா சொன்னான்? மீட்டர் சைபரைப் போயி முட்டி, செவப்பு வெளக்கு எரியற வரைக்கும் கெய்னைத் திருப்பி வெச்சிருக்கே. பொங்கி அடுப்புல ஊத்துன பாலை வழிச்சா எடுக்க முடியும்? அலையோட தலை வெட்டுப்பட்டாலும் அப்படித்தான். எந்த எஃபெக்ட்டும் முழுசாத் திருப்பிக் குடுக்காது. நீ உச்சத்துல கத்தற எடத்துலயும் மீட்டர் மைனஸ் பன்னெண்டுக்கும் மைனஸ் ஆறு டெசிபலுக்கும் நடுவுல நிக்கற மாதிரி வெச்சுக்கோ. சத்தத்தைப் பின்னால ஏத்திக்கலாம்.

ஒனக்குன்னு கட்டுன தனி ரூம்பு பளபளன்னு டைல்ஸ் போட்டு அழகாத்தான் இருக்கு. நீ ஒருக்கா பாடுனா அது ஒம்போது தடவை பாடுது. பாட்டி ரூம்புக்குப் போ. மெத்தை, துணி நெறஞ்ச பீரோ, மடிச்ச போர்வை எல்லாம் அங்கதான் கெடக்குது. பீரோவைத் தொறந்து வெச்சு, முதுகுப் பக்கம் கனமாப் போர்வையைத் தொங்கவிட்டு, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்னு பாடு. "ப" வரும்போது காத்து அடிக்காம மைக்கைச் சித்த சாய்ச்சு வெச்சுக்கோ.

கரோக்கிக்கும் உன்ற பாட்டுக்கும் தாளம் சேரலையாக்கு? தாளத்துக்கும் உனக்கும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லைங்கறது ஊரறிஞ்சது. இருந்தாலும் பாதிக் குத்தம் பஃப்பர்ல. நொடிக்கு 44,100 சாம்பிள்னு பதியறப்ப பஃப்பர்ல 1,024 சாம்பிள் வெச்சா 23 மில்லி செகண்டு தாமதம்; போக, வர ரெண்டு பக்கமும் சேரும். பதியும்போது கொறை, படபடன்னு வெடிச்சா ஒரு படி ஏத்து. கரோக்கியை ஸ்பீக்கர்ல விடாதே, ஹெட்ஃபோன்ல கேளு. இல்லைன்னா அதையும் சேத்து மைக்கு முழுங்கிரும்.

குரல் திடீர்னு கட்டைக் குரலாயிருச்சுன்னு சந்தோசப்படாதே. 48,000-ல பதிஞ்சதை 44,100-ன்னு ஓட்டினா வேகமும் கொறையும், சுருதியும் முக்கால் கட்டை எறங்கும். மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே கணக்கு வெச்சுக்கோ. வீடியோவுக்குன்னா 48,000.

நாய்ஸ் ரிடக்சனை மருந்துக்கடை மாத்திரையா முழுங்கறே. பாடறதுக்கு முந்தி ரெண்டு நொடி மூச்சு விடாம சும்மா பதி. அந்த எடத்தை மட்டும் காட்டி நாய்ஸ் புரொஃபைல் எடு, அப்பறம் முழுப் பாட்டுக்கும் கொஞ்சமாப் போடு. ஃபேன் சத்தம் ஒரே சீரா இருக்கறதால அடங்கும். லாரி ஹாரன் அடங்காது. அது போன பொறகு பாடு. ராவு ரெண்டாஞ்சாமத்துல உனக்கு வேற என்ன சோலி?

வேலை முடிஞ்சா ஃபைலை ஒழுங்கா வெய்யி. ஆடாசிட்டி 2021-ல மூணாம் பதிப்பு வந்தப்பத்தான் எல்லாம் ஒரே ஏயூபி3 ஃபைலாச்சு. பழைய பதிப்புல டேட்டா ஃபோல்டரை உட்டுப்போட்டு ஏயூபி-யை மட்டும் பென் டிரைவ்ல தூக்கிட்டுப் போனவங்க வெறும் கையோட நின்னாங்க. டபிள்யூஏவி ஒண்ணு எடுத்து வேற எடத்துலயும் போட்டு வெய்யி.

வீட்டுல பதியறது ஒண்ணும் எளப்பம் இல்ல. ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்துல வீட்டோட சேத்துத்தான் பஞ்சதன் ஸ்டூடியோ போட்டாரு. 1992-ல 'ரோஜா' அங்கிருந்துதான் வந்துச்சு. நம்ம எலப்புள்ளில 1928-ல பொறந்த எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்துல பாடறவங்களும் வாசிக்கறவங்களும் ஒண்ணா நின்னு பதிவாங்க. ஒருத்தர் தப்புனா எல்லாரும் மொதல்லருந்து. அதனால பாட்டு பழகி முடிச்ச பொறகுதான் மைக்கு பக்கம் வருவாங்க. நீ மைக்கை வெச்சுக்கிட்டுப் பழகறே.

ஆகவே சாமி, அடுத்த மைக்குக்குக் காசு கேட்டு அப்பங்கிட்டப் போறதுக்கு முந்தி, இன்னைக்கு ராவு பீரோ முன்னால நின்னு ஒரு நிமிசம் பதிஞ்சு கேளு. நல்லா இருந்தா இந்த மைக்கே போதும். அப்பவும் நல்லா இல்லைன்னா, கோளாறு மைக்குக்கு முன்னால நிக்குது. அதுக்குக் கம்ப்யூட்டர்ல மருந்து கெடையாது, சாதகம்தான் மருந்து.